டிஸ்க் எந்தப் படியில் நிற்கிறது?

"ரெக்கவரி டிஸ்க் போட்டேன், பூட் ஆகவில்லை" என்ற புகாரோடு விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஒரு சர்வீஸ் கடைப் படியேறினால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். டிஸ்க் போய்விட்டது என்பார்கள். இல்லாவிட்டால் மெஷின் பழசு, வேறு வாங்கிவிடுங்கள் என்பார்கள். இரண்டும் சில நேரம் சரியாகவே இருக்கலாம். ஆனால் பரிசோதிக்காமல் சொல்லப்படும்போது இரண்டுமே ஊகம்தான். இந்த ஒரே புகாருக்குள் மூன்று வேறுபட்ட கோளாறுகள் ஒளிந்திருக்கின்றன. கணினி டிஸ்க்கைத் தேடவே இல்லை என்பது ஒன்று. தேடியும் படிக்க முடியவில்லை என்பது இரண்டு. படித்து, பூட் ஆகி, நடுவழியில் நின்றுவிட்டது என்பது மூன்று. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்து வேறு. எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால் மீதி வேலை எளிது. கண்டுபிடிக்காமல் தொடங்கினால் நல்ல டிஸ்க் குப்பைக்குப் போகும், அல்லது ஹார்டு டிஸ்க்கில் இருந்த கோப்புகள் காரணமில்லாமல் அழியும்.

இந்தப் பகுதியில் இந்தக் கேள்வி இன்னும் உயிரோடு இருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்த மடிக்கணினிகள் அதன்பின் வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சென்றடைந்தன. மேல்நிலைப் பள்ளிகளில் தொடங்கி, விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனம் ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகள் வரை அவை பரவின. பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அன்று படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். மடிக்கணினி அலமாரியில் இருக்கிறது. தம்பிக்கோ தங்கைக்கோ இப்போது அது தேவைப்படுகிறது. அதே காலத்தில் சொந்தப் பணத்தில் வாங்கிய எச்பி, டெல், ஏசர், லெனோவா கணினிகளின் கதையும் இதுதான். நிறுவனங்கள் பெட்டியில் டிஸ்க் வைத்துத் தருவதை அதற்கு முன்பே குறைத்துவிட்டன. ஹார்டு டிஸ்க்கின் மறைவான ஒரு பகுதியில் எல்லாவற்றையும் வைத்து, டிவிடியில் நீங்களே பர்ன் செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டன. எச்பி உட்படச் சில நிறுவனங்களின் மென்பொருள் ஒரே ஒரு செட் எழுதத்தான் அனுமதித்தது. அதனால் கையில் இருக்கும் டிஸ்க்கைத் தூக்கிப் போடுமுன் இரண்டு முறை யோசிக்க வேண்டியிருக்கிறது.

கையில் இருப்பது எந்த டிஸ்க்?

சோதனை தொடங்குமுன் டிஸ்க்கின் வகையை உறுதி செய்துகொள்ளுங்கள். மார்க்கர் பேனாவால் "ரெக்கவரி" என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப முடியாது. நிறுவனத்தின் மென்பொருள் எழுதிய முழு ரெக்கவரி செட் என்பது விண்டோஸ் 7 காலத்தில் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து டிவிடி வரை இருக்கும். அதில் பூட் ஆவது ஒரு டிஸ்க் மட்டுமே. பல நிறுவனங்களில் அது முதல் டிஸ்க். திங்க்பேட் போன்ற சில மாடல்களில் தொடக்க டிஸ்க் என்றே தனியாக ஒன்று இருக்கும். இரண்டாம் டிஸ்க்கை முதலில் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தாலும் எதுவும் நடக்காது. அடுத்தது, விண்டோஸ் 7 தானே எழுதித் தரும் ரிப்பேர் டிஸ்க். அது பூட் ஆகும், பழுது பார்க்கும், ஆனால் அதற்குள் விண்டோஸ் இல்லை. 32 பிட் விண்டோஸுக்கு 32 பிட் ரிப்பேர் டிஸ்க், 64 பிட்டுக்கு 64 பிட் என்று பொருந்தவும் வேண்டும். மூன்றாவது, டிரைவர் டிஸ்க். அது பூட் ஆகும் வகையே இல்லை.

நான்காவது வகைதான் அதிகம் ஏமாற்றுகிறது. ஐஎஸ்ஓ கோப்பை இமேஜாக எழுதாமல், பாட்டுக் கோப்பை நகலெடுப்பதுபோல் அப்படியே டிவிடிக்குள் போட்டிருப்பார்கள். பூட் ஆகும் டிஸ்க்கின் தொடக்கத்தில் எல் டோரிட்டோ என்ற 1995ஆம் ஆண்டு முறைப்படி ஒரு பூட் குறிப்பு இருக்க வேண்டும். கணினி முதலில் தேடுவது அதைத்தான். ஐஎஸ்ஓவைக் கோப்பாகவே போட்டிருந்தால் அந்தக் குறிப்பு கோப்பின் வயிற்றுக்குள் கிடக்கும். டிஸ்க்கின் தொடக்கத்தில் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க வேறொரு கணினியில் டிஸ்க்கைத் திறந்து பார்த்தால் போதும். ஒரே ஒரு பெரிய ஐஎஸ்ஓ கோப்பு மட்டும் தெரிந்தால் டிஸ்க்கிலும் மடிக்கணினியிலும் குற்றமில்லை. அந்த ஐஎஸ்ஓவை வெளியே எடுத்து, இமேஜாக எழுதும் வசதியைத் தேர்ந்து, புதிய டிவிடியில் எழுதினால் வேலை முடிந்தது.

முதல் படி: கணினி டிஸ்க்கைத் தேடுகிறதா?

மடிக்கணினியை ஆன் செய்ததும் டிவிடி டிரைவின் சிறு விளக்கையும் சத்தத்தையும் கவனியுங்கள். டிஸ்க் சுழலாமல், விளக்கு மின்னாமல், நேராகப் பழைய விண்டோஸ் பிழைக்கோ "நோ பூட்டபிள் டிவைஸ்" என்ற வரிக்கோ போனால் கணினி டிஸ்க்கைத் தேடவே இல்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். அப்போது டிஸ்க்கைத் துடைத்துப் பயனில்லை. பூட் வரிசையைத்தான் பார்க்க வேண்டும். நிரந்தர வரிசையை மாற்றுவதைவிட, அந்த ஒரு முறைக்கு மட்டும் வரும் பூட் மெனு நல்லது. டெல், லெனோவா, தோஷிபாவில் பெரும்பாலும் எஃப்12. எச்பியில் எஸ்கேப் அழுத்திப் பின் எஃப்9. ஆசுஸில் எஸ்கேப். லெனோவாவின் பல மாடல்களில் ஓரத்தில் நோவோ என்ற சிறு பொத்தான் உண்டு. ஏசரில் எஃப்12தான் என்றாலும், முதலில் எஃப்2 மூலம் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை இயக்கிவிட வேண்டிய மாடல்கள் பல. சில விசைப்பலகைகளில் எஃப்என் விசையைச் சேர்த்து அழுத்த வேண்டும்.

விசை எதற்கும் கணினி அசையவில்லை என்றால், விண்டோஸ் 8இலிருந்து வந்த வேகத் தொடக்க வசதியைச் சந்தேகியுங்கள். அது இயங்கும் கணினி ஷட் டவுன் செய்தபோதும் முழுமையாக அணைவதில்லை. ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்தால் இது தீரும். விண்டோஸே வராத நிலையில் பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். பூட் மெனுவில் டிவிடியைத் தேர்ந்தபின் "பிரஸ் எனி கீ" என்ற வரி சில விநாடிகளே தோன்றும். அதற்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டாவிட்டால் கணினி டிஸ்க்கை விட்டுவிட்டு ஹார்டு டிஸ்க்குக்குப் போய்விடும். டிஸ்க் கெட்டுவிட்டதாகச் சொல்லப்படும் நேர்வுகளில் சில, இந்த வரியைக் கவனிக்காமல் விட்டவைதான்.

2012க்குப் பிந்தைய கணினிகளில் இன்னொரு தடை சேர்ந்தது. விண்டோஸ் 8 வந்தபோது பழைய பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ முறையும், அதன் மேல் செக்யூர் பூட் என்ற காவலும் பொதுவாயின. விண்டோஸ் 7 டிஸ்க் செக்யூர் பூட் இயங்கும்போது உள்ளே நுழையாது. அதன் 32 பிட் டிஸ்க் யூஇஎஃப்ஐ முறையில் பூட்டே ஆகாது. எனவே பழைய டிஸ்க்குக்கு செக்யூர் பூட்டை நிறுத்தி, லெகசி அல்லது சிஎஸ்எம் என்ற பெயரில் இருக்கும் பழைய முறையை இயக்க வேண்டியிருக்கும். பூட் மெனுவில் அதே டிவிடி யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடு ஒரு முறையும், அது இல்லாமல் ஒரு முறையும் தெரிந்தால், கணினி வாங்கியபோது விண்டோஸ் எந்த முறையில் இருந்ததோ அதையே தேர்ந்தெடுங்கள். மாற்றித் தேர்ந்தால் டிஸ்க் பூட் ஆனாலும், ஜிபிடி, எம்பிஆர் என்ற பிரிவு முறைகளின் பெயரைச் சொல்லி, இந்த ஹார்டு டிஸ்க்கில் நிறுவ முடியாது என்று கடைசியில் மறுத்துவிடும்.

அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த மடிக்கணினிக்கே உரிய காரணம் ஒன்றும் உண்டு. மதர்போர்டில் உள்ள நாணய வடிவச் சிறு பேட்டரி தீர்ந்திருக்கும். நீங்கள் பயாஸில் செய்த மாற்றம் மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும். ஒவ்வொரு முறையும் தேதி பின்னோக்கி எங்கோ போய் நின்றால் அதுவே அடையாளம். விலை குறைந்த அந்தப் பேட்டரியை மாற்றாமல் பூட் வரிசையோடு மல்லுக்கட்டுவது வீண்.

இரண்டாம் படி: தேடியும் படிக்க முடியவில்லையா?

டிஸ்க் சுழல்கிறது, விளக்கு மின்னுகிறது, திணறுகிறது, பிறகு கைவிட்டுவிடுகிறது. இப்போது குற்றம் டிஸ்க்கிலா, டிரைவிலா என்று பிரிக்க வேண்டும். இரண்டு குறுக்குச் சோதனைகள் அதைச் செய்துவிடும். உங்கள் டிஸ்க்கை வேறொரு கணினியில் பூட் செய்து பாருங்கள். நன்றாகப் பூட் ஆகும் என்று தெரிந்த வேறொரு டிவிடியை, உதாரணமாக ஒரு லினக்ஸ் டிவிடியை, உங்கள் மடிக்கணினியில் போட்டுப் பாருங்கள். முதலாவது ஓடி இரண்டாவது ஓடவில்லை என்றால் டிரைவில் கோளாறு. முதலாவது ஓடாமல் இரண்டாவது ஓடினால் சந்தேகம் டிஸ்க் மேல் திரும்புகிறது. இரண்டும் ஓடினால், முதல் படியில் ஏதோ ஒரு அமைப்பை விட்டுவிட்டீர்கள். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். பிறர் கணினியில் முதல் திரை வந்ததும் அணைத்துவிடுங்கள்; ரெக்கவரி டிஸ்க்கின் வேலையே இருப்பதை அழித்து எழுதுவதுதான். அந்தக் கணினி யூஇஎஃப்ஐ மட்டுமே தெரிந்த புதியது என்றால், அதில் ஓடாதது டிஸ்க்குக்கு எதிரான சாட்சி ஆகாது. பள்ளி, கல்லூரிக் கணினி அறைகளிலும் பழைய ஜெராக்ஸ் கடைகளிலும் இருக்கும் டிவிடி டிரைவ் உள்ள டெஸ்க்டாப்தான், அனுமதி பெற்றுச் சோதிக்க ஏற்றது.

டிரைவில் பாட்டு சிடி ஓடுகிறதே, பிறகு எப்படி அதில் கோளாறு இருக்கும் என்று கேட்கலாம். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் லேசர். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் லேசர். ஒன்று நன்றாக இருந்து மற்றது வலுவிழந்திருக்க முடியும். ஆகவே டிவிடியைச் சோதிக்க டிவிடியே வேண்டும், அதுவும் பர்ன் செய்த டிவிடியாக இருப்பது நல்லது. டிரைவ்தான் கெட்டது என்று தெரிந்தால் மடிக்கணினியைப் பிரிக்கத் தேவையில்லை. யூஎஸ்பியில் மாட்டும் வெளி டிவிடி டிரைவை ஒரு நாள் இரவல் வாங்கினால் போதும். டிவிடி டிரைவே இல்லாமல் வந்த மாடல்களுக்கும் இதுவே வழி.

டிஸ்க் மேல் சந்தேகம் உறுதியானால், அது ஏன் கெட்டது என்று அறிவது அடுத்த செட்டைக் காக்கும். கடையில் வாங்கும் சினிமா டிவிடியில் தகவல் குழிகளாக அச்சில் அழுத்தப்பட்டிருக்கும். நாம் பர்ன் செய்யும் டிவிடியில் அது ஒரு சாயப் படலத்தில் சுடப்பட்டிருக்கிறது; வெப்பம், வெளிச்சம், ஈரம் மூன்றும் சாயத்தை மங்கச் செய்யும். அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2003இல் வெளியிட்ட கையேடு, நீண்ட நாள் சேமிப்புக்கு 4 முதல் 20 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் ஏற்றவை என்றது. அக்னி நட்சத்திர வெயிலும் கடலோர ஈரக்காற்றும் சேர்ந்த விழுப்புரம் மாவட்டத்தில் ஓட்டு வீட்டுப் பரணோ, தகரக் கூரை அறையோ இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. அப்படி வெள்ளநீரில் நனைந்த டிஸ்க்கை உடனே தூக்கிப் போட வேண்டாம். நல்ல நீரில் கழுவி, மென்துணியால் மையத்திலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைத்து, நிழலில் உலர்த்திச் சோதியுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தகவல் தடத்தின் திசையிலேயே விழுந்து சேதம் கூடும்.

எழுதும்போதே கெட்ட டிஸ்க்குகளும் உண்டு. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டு வழக்கமாக இருந்தது. பேட்டரி வலுவில்லாத மடிக்கணினியில் பர்ன் நடக்கும்போது மின்சாரம் போனால் டிஸ்க் பாதியில் நின்றுவிடும். அத்தகைய டிஸ்க்கை மீட்க முடியாது. முழுதாக எழுதப்பட்டு இப்போது திணறும் டிஸ்க்கை மட்டும், நல்ல டிரைவ் உள்ள கணினியில் இமேஜாக எடுத்து, குறைந்த வேகத்தில் புதிய டிவிடியில் எழுதிப் பார்க்கலாம். ஒரு டிரைவ் படிக்காத டிஸ்க்கை இன்னொன்று படிப்பது உண்டு. அதனால் இரண்டு மூன்று டிரைவ்களில் முயலாமல் கைவிடாதீர்கள்.

மூன்றாம் படி: பூட் ஆகி நடுவில் நிற்கிறதா?

டிஸ்க் பூட் ஆகி, நிறுவனத்தின் சின்னமும் வந்து, கோப்புகள் ஏறத் தொடங்கி, பாதியில் நிற்பதையும் மக்கள் "பூட் ஆகவில்லை" என்றே சொல்கிறார்கள். பூட் வரிசையும் செக்யூர் பூட்டும் இங்கே குற்றவாளிகள் இல்லை. ஒவ்வொரு முறையும் ஒரே டிஸ்க்கில், ஒரே சதவீதத்தில் நின்றால் அந்த டிஸ்க்கின் அந்த இடம் கெட்டிருக்கலாம். நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருந்தால் ராம் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். டிஸ்க்குகள் வேறு கணினியில் முழுதாகப் படிக்கப்பட்டும் இங்கே எழுதும் கட்டத்தில் நின்றால் ஹார்டு டிஸ்க்கைப் பாருங்கள். பழைய விண்டோஸ் ஏன் கெட்டது என்ற கேள்விக்கு விடையும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எச்பியில் எஃப்2, டெல்லில் எஃப்12 மெனு எனப் பல கணினிகள் விண்டோஸ் இல்லாமலே ஹார்டு டிஸ்க்கைச் சோதிக்கும் வசதியோடு வருகின்றன. ஹார்டு டிஸ்க்கை மாற்றியவர்களுக்கு இன்னொரு சிக்கல். பழையது 500 ஜிபி, புதிய எஸ்எஸ்டி 240 ஜிபி என்றால் பல நிறுவன ரெக்கவரி டிஸ்க்குகள் ஏற்க மறுக்கும். மதர்போர்டை மாற்றியிருந்தால் இது எங்கள் கணினி இல்லை என்று நிறுத்தும் டிஸ்க்குகளும் உண்டு. இவை எதிலும் டிஸ்க்கின் தவறு இல்லை.

மறுப்புகள்

கடையில் கொடுத்தால் ஓஎஸ் போட்டுத் தருவார்கள், இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்பது முதல் மறுப்பு. கடை தேவையில்லை என்பது இங்கே வாதமில்லை. டிவிடி டிரைவின் லென்ஸை மாற்றவும் ராம் மாற்றவும் கடை வேண்டும். ஆனால் கெட்டுக்கொண்டிருக்கும் ஹார்டு டிஸ்க்கில் புதிய விண்டோஸ் போட்டால் சில வாரங்களில் அதுவும் விழும். உரிமம் இல்லாத விண்டோஸ் ஏறிவிடும் ஆபத்தும் உண்டு. அந்தக் கணினியோடு வந்த முறையான உரிமம் உங்களிடமே இருக்கும்போது அது தேவையற்ற இழப்பு. எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டு போகிறவர், கடைக்காரரிடம் "டிவிடி லேசரைப் பாருங்கள்" என்றோ "ஹார்டு டிஸ்க்கைச் சோதியுங்கள், ஃபார்மட் செய்யாதீர்கள்" என்றோ திட்டவட்டமாகச் சொல்ல முடியும். விழுப்புரத்திலிருந்து சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளுக்கு 160 கிலோமீட்டர் போய் வரும் செலவும் மிஞ்சும்.

பயாஸைத் தொட்டால் மெஷினே போய்விடும் என்பது இரண்டாம் மறுப்பு. இதில் பாதி உண்மை. பயாஸ் மென்பொருளைப் புதுப்பிப்பது ஆபத்தானது. இந்த வேலைக்கு அது தேவையுமில்லை. பூட் வரிசை, செக்யூர் பூட் போன்ற அமைப்புகளைத் திரும்ப மாற்றிவிட முடியும். மாற்றுமுன் ஒவ்வொரு திரையையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பிட்லாக்கர் என்ற குறியாக்கப் பூட்டு இயங்கும் கணினியில் மட்டும், அதன் மீட்புச் சாவி கையில் இல்லாமல் செக்யூர் பூட்டைத் தொடாதீர்கள்.

மூன்றாம் மறுப்புதான் வலுவானது: டிவிடி காலமே முடிந்துவிட்டது, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிப் பென்டிரைவில் போட்டால் தீர்ந்தது. விண்டோஸ் 8 முதல் வந்த கணினிகளுக்கு இது பெரிதும் சரி. அவற்றில் உரிமச் சாவி கணினியின் ஃபர்ம்வேருக்குள்ளேயே பதிந்திருக்கிறது. அதே பதிப்பைப் பென்டிரைவிலிருந்து நிறுவினால் தானே ஏற்றுக்கொள்ளும். விண்டோஸ் 7 கணினிக்கு அந்த வசதி இல்லை. அங்கே ரெக்கவரி செட்டுக்கு இன்னும் மதிப்புண்டு. ஆனாலும் அந்த மதிப்புக்கு எல்லை இருக்கிறது. விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14லும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14லும் முடிந்தன. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கும் விண்டோஸ் 11 இந்தப் பழைய கணினிகளில் முறைப்படி ஏறாது. ஆகவே ரெக்கவரி டிஸ்க் மீட்டுத் தரும் விண்டோஸ் 7இல் தட்டச்சு, பாடம், படம் பார்க்கலாம். வங்கிக் கணக்கைத் திறக்கக் கூடாது. இணைய வேலைக்கு அதே கணினியில் பாஸ் அல்லது வேறொரு எடை குறைந்த லினக்ஸே பாதுகாப்பானது.

செய்ய வேண்டிய வரிசை

இழப்பில்லாதது முதலில், அழிப்பது கடைசியில்: இதுதான் இந்த அத்தியாயத்தின் முடிவு. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் செலவில்லை. பூட் மெனுவைத் திறப்பதால் எதுவும் அழியாது. குறுக்குச் சோதனைக்கு ஒரு இரவல் டிஸ்க் போதும். ரெக்கவரியை ஓடவிடுவது மட்டுமே திரும்பி வர முடியாத அடி. பெரும்பாலான செட்டுகள் ஹார்டு டிஸ்க் முழுவதையும் துடைத்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கும். பக்கத்தில் இருந்த பாஸ் லினக்ஸும் போய்விடும். எனவே அந்தப் பொத்தானை அழுத்துமுன், பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஏற்றி, மதிப்பெண் பட்டியல் ஸ்கேன், தேர்வு விண்ணப்பப் புகைப்படம், புராஜெக்ட் அறிக்கை, குடும்பப் படங்கள் அனைத்தையும் வேறிடத்துக்கு நகலெடுங்கள். நகல் திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்த பிறகே முதல் டிஸ்க்கைப் போடுங்கள். டிஸ்க் இல்லாமலும் ஒரு மடிக்கணினியை உயிர்ப்பிக்க வழி உண்டு. நகல் எடுக்காமல் அழித்த கோப்பை உறுதியாக மீட்டுத் தர எந்தக் கடையாலும் முடியாது.